பஞ்சுவும் பழைய உறைகளும்

பழைய சோபாவைப் பிரிப்பவர்கள் முதலில் பார்ப்பது அதன் அடிவயிற்றைத்தான். கவிழ்த்துப் போட்டு, அடியில் அறைந்திருக்கும் கறுப்புத் துணியைக் கிழித்தால், அந்த வீட்டில் பல வருஷமாகக் காணாமல் போனதெல்லாம் பொலபொலவென்று கொட்டும். சீப்பு, பென்சில் துண்டு, ஒற்றைத் தோடு, யாரோ தேடித் தேடி அழுத பொம்மையின் கை. கறுப்புத் துணி கிழியும் சத்தம் கேட்டதும், பட்டறையில் எந்த மூலையில் படுத்திருந்தாலும் பஞ்சு எழுந்து ஓடிவந்துவிடும். கொட்டியதை எல்லாம் ஒரு சுற்று மோந்து பார்த்துத் தலையாட்டினால்தான் மேற்கொண்டு வேலை நடக்கும் என்பது போல ஒரு மிடுக்கு.

அன்றைக்குக் கொட்டியதில் பாதி கடித்த பிஸ்கட் ஒன்றும் இருந்தது. பஞ்சு வரவில்லை.

"மேனேஜர் லீவா?" என்றான் கொழுந்தன், சோபாவின் காலைக் கழற்றிக்கொண்டே.

தையல்காரி மெஷினை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். ஸ்பாஞ்ச் வெட்டியதில் மிஞ்சிய துண்டுகளைக் குவித்து வைத்திருக்கும் மூலையில் பஞ்சு முகத்தைக் கால்களுக்குள் புதைத்துப் படுத்திருந்தது. வெள்ளையாக, பொசுபொசுவென்று, அந்தக் குவியலில் எது ஸ்பாஞ்ச் எது நாய் என்று தெரியாமல் குட்டியாக இருந்தபோது ஒரு நாள் மெத்தைக்காரர் அதையும் சேர்த்து அள்ளிச் சாக்கில் போடப் பார்த்தார். அன்றைக்கு வந்த பெயர்தான் பஞ்சு.

பட்டறையில் மூன்று பேர். மெத்தைக்காரர் ஸ்பிரிங், ஸ்பாஞ்ச், மரச்சட்டம் எல்லாம் பார்ப்பார். அவர் மனைவி தையல்காரி உறை வெட்டித் தைப்பாள். அவர் தம்பி, அவளுடைய கொழுந்தன், வேனில் சோபாக்களை எடுத்து வருவான், கொண்டுபோய்ப் போடுவான். நடுவில் கிடைக்கிற நேரத்தில் எல்லோரையும் கிண்டல் செய்வான். முன்பக்கக் கூடத்தில் பிரிக்கிற வேலை, உள்ளறையில் தையல், மாடியில் வீடு.

"சாப்பிட்டுச்சா?" என்று கேட்டாள்.

"காலையில வச்சது அப்படியே கிடக்கு அண்ணி. என் சமையல்னு நினைச்சிருக்கும்."

பக்கத்தில் போய் உட்கார்ந்து பஞ்சுவின் காதைத் தூக்கிப் பார்த்தாள். காது நெருப்பாகக் கொதித்தது. அதன் உள்மடிப்பில், ஆமணக்கு விதை மாதிரி, சாம்பல் நிறத்தில் மழமழவென்று மூன்று நான்கு உருண்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒன்றின் ஓரத்தில் மெல்லிய கால்கள் அசைந்தன.

"என்னங்க," என்று கூப்பிட்டாள். "வேலைய விட்டுட்டு இங்க வாங்க."

*

மிருக டாக்டர் தன் வேலையை ரசித்துச் செய்கிறவள். காதிலிருந்த உண்ணி ஒன்றை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, திருகாமல், நசுக்காமல், நேராக இழுத்து எடுத்தாள். வெள்ளைத் தட்டில் போட்டு விளக்கைத் திருப்பினாள்.

"இந்தப் பூச்சியா டாக்டர் இவ்வளவு பண்ணுது?" என்றார் மெத்தைக்காரர்.

"பூச்சின்னா அதுக்குக் கோவம் வரும். கால எண்ணுங்க. எட்டு. இது சிலந்திக்குச் சொந்தக்காரன்."

பிறகு அவள் சொன்னதைத் தையல்காரி ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள். உண்ணியின் வாய் ஒரு சின்ன ரம்பம். பற்கள் எல்லாம் பின்பக்கமாகச் சாய்ந்திருக்கும். அதனால் உள்ளே போவது சுலபம், வெளியே வருவது கஷ்டம். போதாதென்று எச்சிலையே பசையாக்கி வாயைச் சுற்றி ஒட்டிக்கொள்ளும். அந்த எச்சிலில் வலியை மரக்கச் செய்வதும் உண்டு, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்வதும் உண்டு. கடிபட்டவனுக்குக் கடித்ததே தெரியாது. நாள் கணக்காக உட்கார்ந்து குடிக்கும். அந்த எச்சிலோடு சேர்ந்துதான் கிருமியும் இறங்கும். இறங்கியது நேராகப் போய் ரத்தத்தின் வெள்ளை அணுக்களுக்குள் குடியேறும். அதாவது, காவலுக்கு நிற்பவன் வீட்டுக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்ளும். கொஞ்ச நாளில் ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணுக்கள் குறையும்; காய்ச்சல் வரும், சாப்பாடு பிடிக்காது, ஈறு வெளுத்துப்போகும்.

"மாத்திரை இருக்கு. ஒரு மாசம் விடாமக் குடுக்கணும். ரெண்டு மூணு நாள்லயே எழுந்து ஓடும், அதப் பாத்து நிறுத்திடாதீங்க. கழுத்துல விடுற சொட்டு மருந்தும் தரேன், அதை மாசா மாசம் விடணும். ஆனா பெரிய வேலை உங்க வீட்லதான் இருக்கு."

"வீட்லயா?"

"இந்த வகை உண்ணி நாய் மேல குடியிருக்காது. சாப்பிட வரும், வயிறு நெறஞ்சதும் இறங்கிப் போயிடும். குஞ்சா இருக்கும்போது ஒரு தடவ, வளரும்போது ஒரு தடவ, பெருசானதும் ஒரு தடவ. அவ்வளவுதான் சாப்பாடு. மத்த நேரம் எல்லாம் வெளியில எங்கயாவது ஒளிஞ்சு தோல உரிச்சுக்கிட்டு கிடக்கும். பொட்டை உண்ணி கடைசியா இறங்குனா ஆயிரக்கணக்குல முட்டை போட்டுட்டுத்தான் சாகும்."

"தரையெல்லாம் தினமும் கூட்டுறோமே," என்றாள் தையல்காரி.

"தரையில இருக்காது. இதுக்கு மேல ஏறுற புத்தி. சுவர் வெடிப்பு, ஜன்னல் சட்டம், உத்தரத்து இடுக்கு. குனிஞ்சு தேடாதீங்க, அண்ணாந்து தேடுங்க."

வரும் வழியெல்லாம் கொழுந்தன் வேனை ஓட்டியபடியே சொல்லிக்கொண்டு வந்தான். "வாழ்க்கையில மூணே வேளை சாப்பாடு. எங்க அண்ணன் ஒரு நாளைக்கு அஞ்சு வேளை சாப்பிட்டுக்கிட்டு, மாடி ஏறுனா மூச்சு வாங்குதுங்கறாரு."

"ரோட்டப் பாத்து ஓட்டுடா," என்றார் பின்னாலிருந்து அண்ணன்.

*

உள்ளறையின் நீளச் சுவரைப் பற்றிச் சொல்லவேண்டும்.

சோபாவுக்குப் புது உறை தைக்கிறவர்கள் அளவு நாடாவை நம்புவதில்லை. நாற்காலியின் முதுகு வளையும், கை திரும்பும், மூலையில் துணி மடிந்து உள்ளே போகும். அதையெல்லாம் நாடா சொல்லாது. பழைய உறை சொல்லும். அதைத் தையல் தையலாகப் பிரித்து விரித்தால், அந்த நாற்காலியின் உடம்பு முழுக்கத் தட்டையாக மேசையில் கிடக்கும். அதன்மேல் புதுத் துணியைப் போட்டுச் சாக்கட்டியால் கோடிழுத்து வெட்டிக்கொள்ளலாம். வேலை முடிந்ததும் மற்ற பட்டறைக்காரர்கள் பழைய உறையைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். தையல்காரி போடமாட்டாள். அதே ஓட்டல் மறுபடி வரும், அதே மாதிரி நாற்காலி வேறு வீட்டிலிருந்து வரும். எனவே உறைகள் எல்லாம் சுவரில் ஆணியடித்துத் தொங்கின. பல் டாக்டரின் சாய்வு நாற்காலி, சலூன் நாற்காலி, தியேட்டர் இருக்கை, மூன்று பேர் சோபாக்கள், ஒற்றை சோபாக்கள், வெல்வெட்டிலும் ரெக்சினிலும் சணல் துணியிலும். ஊரில் எந்த வீட்டில் எது உட்கார்ந்திருக்கிறது என்று அந்தச் சுவரைப் பார்த்தே சொல்லிவிடுவாள்.

ஓரங்களில் ஓடும் பைப்பிங்கையும் அவள் எடுப்பதில்லை. பைப்பிங் என்பது ஒரு கயிற்றை உள்ளே வைத்து அதைச் சுற்றித் துணியை மடித்துத் தைத்த குழாய். சோபாவின் விளிம்பு வரிசையாக எடுப்பாகத் தெரிவது அதனால்தான். அது ஒட்டியிருந்தால் வளைவு எங்கே ஆரம்பித்து எங்கே முடிகிறது என்பது கைக்குத் தெரியும்.

மருந்தடிக்கிறவர் முதுகில் தொட்டியைக் கட்டிக்கொண்டு வந்த அன்று, அவள் விடிந்ததும் எழுந்து சுவரிலிருந்த உறைகளை ஒவ்வொன்றாக இறக்கினாள். மருந்து பட்டால் வெல்வெட்டில் கறை விழும், ரெக்சின் வெடிக்கும். எல்லாவற்றையும் சுத்தமான படுக்கை விரிப்புகளில் மடித்துச் சுற்றி வேனுக்குள் அடுக்கிக் கதவைச் சாத்தினாள்.

"என்னை மருந்துல நனைய விட்டாலும் விடுவ, அந்தத் துணிய விடமாட்ட," என்றார் மெத்தைக்காரர்.

"நீங்க நனைஞ்சா துவைச்சுக் காயப் போட்டுக்கலாம்."

மருந்தடிப்பவர் உத்தரம், ஜன்னல் சட்டம், சுவர் வெடிப்பு, ஆணி ஓட்டை என்று ஒன்று பாக்கியில்லாமல் அடித்தார். ஸ்பாஞ்ச் குவியலை மூட்டை கட்டித் தூக்கிப் போட்டார்கள். பஞ்சுவின் படுக்கையைக் கொதிக்கிற நீரில் போட்டு எடுத்தார்கள். வாடை போனபின் தையல்காரி உறைகளைக் கொண்டுவந்து அதது இருந்த ஆணியில் மாட்டினாள். பஞ்சு மாத்திரை தின்றது, எழுந்தது, கறுப்புத் துணி கிழியும் சத்தத்துக்கு ஓடிவந்தது. கழுத்துச் சொட்டை ஒரு மாதம் விட்டார்கள். அடுத்த மாதம், வீடுதான் சுத்தமாகிவிட்டதே என்று நிறுத்திவிட்டார்கள்.

*

மழை ஓய்ந்து வெயில் ஏறத் தொடங்கிய ஒரு மதியம், தையல்காரி மேசையில் விரித்திருந்த வெண்ணெய் நிறத் துணியின் மடிப்பு தரைவரை தொங்கிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் ஒரு சிவப்புப் பொட்டைப் பார்த்தாள். ஊசி குத்திவிட்டது போல என்று விரல்களை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல்கூட இல்லை. பொட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு பொட்டு விழுந்தது.

மேசைக்கடியில் பஞ்சு நின்றுகொண்டிருந்தது. மூக்கிலிருந்து ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

டாக்டர் இந்த முறை சிரிக்கவில்லை. ரத்தத்தைப் பரிசோதித்து வந்து, "அதேதான்," என்றாள். "பழசு பாக்கியிருந்து கிளம்புச்சா, புதுசா கடிச்சதான்னு என்னால உறுதியா சொல்ல முடியாது. ஆனா விரலிடுக்குல புது உண்ணி நிறைய இருக்கு. எல்லாம் உங்க வீட்ல பொறந்து வளந்ததுதான்."

"அதுங்களுக்கு யாரு நோயக் குடுத்தது?" என்று கேட்டாள் தையல்காரி.

"நல்ல கேள்வி. முட்டையிலருந்து வர்ற குஞ்சுக்கு இந்த நோய் இருக்காது. சுத்தமாதான் பொறக்கும். போன தடவ பஞ்சு காய்ச்சலோட படுத்திருந்தப்ப வந்து குடிச்ச குஞ்சுங்க, அவகிட்டருந்தே நோய வாங்கிட்டுப் போயிருக்கும். எங்கயோ ஒளிஞ்சு, தோல் உரிச்சு, வளந்து, இப்ப திரும்பி வந்து அவகிட்டயே குடுத்திருக்கு."

மெத்தைக்காரர் பஞ்சுவின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். "இப்ப என்ன டாக்டர் பண்றது?"

"ஒரு வாரம் இங்கயே இருக்கட்டும், ரத்தம் ஏத்தணும். பொழச்சிடுவான்னுதான் நினைக்கிறேன். ஆனா இன்னொரு தடவ வந்தா எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடமே வத்திப்போகும். அப்ப என்கிட்ட கூட்டிட்டு வந்து பிரயோசனமில்ல. அதனால ஒண்ணே ஒண்ணு சொல்றேன். அது எங்க ஒளிஞ்சிருக்குன்னு கண்டுபிடிக்காம இவள வீட்டுக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க."

பஞ்சு இல்லாமல் மூன்று பேரும் வேனில் திரும்பினார்கள்.

மறுநாள் காலை மெத்தைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தார். "அக்கா வீட்ல தோட்டம் இருக்கு. பஞ்சுவை அங்க விட்டுட்டா என்ன?"

"விட்டுட்டா?"

"நாய் நல்லா இருக்கும்ல. அதத்தானே பாக்கணும்."

"அதுக்கு நம்மள விட்டா யாரத் தெரியும்? ஒரு வாரம் இருக்குங்க. தேடுவோம். கிடைக்கலன்னா நானே கொண்டுபோய் விடறேன்."

தேடினார்கள். கொழுந்தன் ஏணி போட்டு உத்தரத்தை டார்ச் அடித்துப் பார்த்தான். ஜன்னல் சட்டத்தைக் கழற்றினார்கள். சுவிட்ச் பெட்டியைத் திறந்தார்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இரண்டு மூன்று அகப்பட்டன, அவையும் எங்கேயோ போய்க்கொண்டிருந்தவை. கூட்டமாக ஓரிடத்திலும் இல்லை.

"எனக்குப் பக்கத்து வெல்டிங் கடை நாய் மேலதான் சந்தேகம்," என்றான் கொழுந்தன். "அது பாக்குற பார்வையே சரியில்ல."

"உன்ன மாதிரி பாக்குதா?"

"அண்ணி, நான் கஷ்டப்பட்டு ஏணி மேல நிக்கிறேன். இப்ப மனசு நோகடிக்காதீங்க, விழுந்துடுவேன்."

*

நான்காம் நாள் ஓட்டல்காரர்கள் தங்கள் நாற்காலிகளுக்குத் துணி வெட்டியாகவேண்டும் என்று நெருக்கினார்கள். தையல்காரிக்கு மனசே இல்லை. சுவரிலிருந்து அந்த நாற்காலியின் உறையை எடுத்து மேசையில் விரித்தாள். குண்டூசிகளை உதட்டில் கடித்துக்கொண்டு, துணியோடு முகம் ஒட்டுகிற அளவுக்குக் குனிந்து, வளைவில் சாக்கட்டியை நகர்த்தினாள். கிட்டப்பார்வை, அவளுக்கு அப்படித்தான் வேலை வரும். வாயில் ஊசி இருப்பதால் மூக்கால்தான் மூச்சு விடவேண்டும். அந்த மூச்சு முழுக்கத் துணியின்மேல்தான் விழுந்துகொண்டிருந்தது.

பைப்பிங் அறுந்திருந்த ஒரு முனையிலிருந்து ஏதோ எட்டிப் பார்த்தது.

அவள் அசையவில்லை. தட்டையாக, எள்ளைவிடக் கொஞ்சம் பெரிதாக, செம்பழுப்பாக ஒன்று. அதன் பின்னால் இன்னொன்று. பிறகு குழாய்க்குள்ளிருந்து வரிசையாக வந்தன. விளிம்பில் ஏறி நின்று முன்னங்கால் இரண்டையும் தூக்கிக் காற்றில் துழாவின. பேருந்தில் ஏற முண்டியடிப்பவர்கள் கையை நீட்டுவது போலிருந்தது.

ஊசிகளை உதட்டிலிருந்து எடுத்துவிட்டு, முகத்தை மெல்ல விலக்கினாள். கொஞ்ச நேரத்தில் கால்கள் தணிந்தன. ஒன்றிரண்டு திரும்பவும் குழாய்க்குள் போகத் தொடங்கின. மறுபடி குனிந்து வாயைத் திறந்து ஹா என்று ஊதினாள். அத்தனையும் கால்களைத் தூக்கின.

அவளுக்குப் புரிந்துவிட்டது. நாய் இல்லாத வீட்டில் நாலு நாளாக இவற்றுக்குப் பசி. மூச்சுதான் இவற்றுக்கு அடையாளம்.

எழுந்து சுவருக்குப் போனாள். சலூன் நாற்காலியின் உறைக்கு ஊதினாள். கொஞ்சம் பொறுத்தாள். வந்தன. தியேட்டர் இருக்கைக்கு ஊதினாள். வந்தன. மூன்று பேர் சோபா, ஒற்றை சோபா என்று சுவரோடு நகர்ந்துகொண்டே போனாள்.

கொழுந்தன் டீ டம்ளரோடு வாசலில் நின்றான். "அண்ணி, எதுக்குச் சுவர ஊதிக்கிட்டு இருக்கீங்க? சூடா இருக்கா?"

"உன் அண்ணனக் கூப்பிடு," என்றாள். "பிளேடு எடுத்துட்டு வரச் சொல்லு."

மெத்தைக்காரர் ஒரு விரல் நீளத்துக்குப் பைப்பிங்கைக் கீறித் திறந்தார். உள்ளே கயிற்றை ஒட்டி உரித்துப்போட்ட தோல்கள் தவிடு போலக் கிடந்தன. பழுப்பு நிறத்தில் முட்டைகள் கொத்தாக ஒட்டியிருந்தன. நடுவில் தட்டை தட்டையாக உயிருள்ளவை, அடுக்கி வைத்த மாதிரி. இருட்டு, உயரம், இடுக்கு, யாரும் கைவைக்காத இடம். ஒரு உண்ணி தனக்கென்று வீடு கட்டச் சொன்னாலும் இதைவிட நன்றாகக் கட்டச் சொல்லாது. ஏதோ ஒரு வீட்டு சோபாவோடு இங்கே வந்திறங்கி, சுவரிலேறி இடம் தேடிய முதல் உண்ணி இந்தக் குழாயைக் கண்டிருக்கும். இல்லை, இந்தக் குழாயோடேயே வந்திருக்கும்.

"மருந்தடிச்சப்ப..." என்று ஆரம்பித்தான் கொழுந்தன். முடிக்கவில்லை.

"நான்தான்," என்றாள் தையல்காரி. "படுக்கை விரிப்புல சுத்தி, மருந்து படாம, பத்திரமா எடுத்து வச்சு, திரும்பக் கொண்டுவந்து மாட்டுனேன். ஒவ்வொண்ணையும் அதோட ஆணியிலயே."

மெத்தைக்காரர் பிளேடை மேசையில் வைத்தார்.

*

டாக்டருக்குப் போன் செய்தார்கள். மெத்தைக்காரர்தான் கேட்டார். "சாப்பாடு இல்லாம இதுங்க எத்தன நாள் தாங்கும் டாக்டர்? ஒரு மாசம் நாய வேற இடத்துல வச்சா செத்துடுமா?"

வளர்ந்தது ஒரு வருஷத்துக்கு மேலும் தாங்கும் என்றாள் டாக்டர்.

போனை வைத்துவிட்டு அவர் சுவரைப் பார்த்தார். அதில் அவளுடைய உழைப்பு மட்டுமல்ல, பட்டறையின் பாதி வேகம் தொங்கியது. மற்றவர்களுக்கு ஒரு வாரம் பிடிக்கிற வேலையை இவர்கள் இரண்டு நாளில் முடிப்பது அந்த மாதிரிகளால்தான். "வெந்நீர்ல போட்டா?" என்றார்.

"சுருங்கும். சுருங்குன மாதிரிய வச்சு வெட்டுனா உறை நாற்காலிக்கு ஏறாது."

"அப்ப... அக்கா வீடு..." மெதுவாகச் சொன்னார். "ஒரு வருஷந்தானே. நான் கோவத்துல சொல்லலம்மா. நீ இத எத்தன காலமா சேத்த."

தையல்காரி மேசையைக் காட்டினாள். வெண்ணெய் நிறப் புதுத் துணி பழைய உறையோடு ஒட்டிக் கிடந்தது. "இதே மேசையிலதானே வெட்டுறோம்? இந்தத் துணிதானே சோபாவுல ஏறிப் போகுது? நம்ம கைய விட்டுப் போன சோபாவோட எத்தன வீட்டுக்கு இது போயிருக்கும்? அந்த வீட்டு நாய எந்த அக்கா வீட்ல விடுவாங்க?"

மெத்தைக்காரர் தன் வேலையைப் பற்றி யாராவது ஒரு குறை சொன்னால் மூன்று நாள் சாப்பிடாதவர். அவர் முகம் கறுத்துச் சிறுத்தது. கொல்லைக்குப் போனார். பெரிய டிரம்மைக் கழுவி, நீர் நிரப்பி, அடியில் விறகு வைக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு நாள் மூன்று பேரும் கொல்லையிலேயே கிடந்தார்கள். வெயிலில் வெள்ளை விரிப்பு விரித்து, அதன் நான்கு ஓரத்திலும் ஒட்டும் டேப்பைப் பசைப்பக்கம் மேலே தெரிய ஒட்டினார்கள். தப்பி ஓடுவது அதில் மாட்டிக்கொள்ளும். விரிப்பின்மேல் ஒரு நேரத்துக்கு ஒரே உறை. அடிக்கடி வருகிற நாற்காலிகளுடையதை மட்டும் தையல்காரி தடிமனான பழுப்புக் காகிதத்தில் கோடிழுத்து எடுத்துக்கொண்டாள். கொழுந்தன் சாக்ஸுக்குள் பேண்டைச் செருகிக்கொண்டு, கையில் டேப் துண்டோடு காவல் நின்றான்.

"அண்ணி, இடது பக்கம் ஒருத்தன் ஓடுறான்!"

"புடிடா!"

"புடிச்சாச்சு. எட்டுக் கால் இருந்தும் இவ்வளவுதான் வேகம். எனக்கு ரெண்டே கால், பாருங்க."

கோடிழுத்து முடித்ததும் உறை நேராகக் கொதிக்கும் டிரம்முக்குள். மெத்தைக்காரர் கம்பால் அமுக்கினார். வெல்வெட் சாயம் விட்டது, ரெக்சின் சுருண்டது. காகிதத்தில் ஏறியது பாதிகூட இல்லை. அதற்கு நேரமில்லை, மறுநாள் மருந்தடிப்பவர் வருகிறார், அதற்கடுத்த நாள் பஞ்சு. பல் டாக்டரின் நாற்காலியைக் கையில் எடுத்தபோது தையல்காரி கொஞ்சம் நின்றாள். தலைசாய்க்கிற இடத்தின் அந்த வளைவை வெட்ட அவளுக்கு மூன்று துணி வீணாகியிருந்தது.

"அதையும் வரைஞ்சுக்க," என்றார் மெத்தைக்காரர். "நான் காத்திருக்கேன்."

"வேணாம். அந்த நாற்காலி திரும்பி வந்தா திரும்பிப் பிரிச்சுப் பாத்துக்கலாம்." டிரம்மில் போட்டாள். அவர் கம்பால் அமுக்கினார்.

அன்று சாயங்காலம் மெத்தைக்காரர் மாடிப்படியில் உட்கார்ந்துகொண்டு, சமீபத்தில் சோபா எடுத்துப்போனவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் செய்தார். மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லாதவர். முதல் இரண்டு போனில் வானிலை பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டார். மூன்றாவதில் ஒருவழியாகச் சொன்னார். சோபாவின் பைப்பிங்கைப் பாருங்க, நாய் இருந்தா காதைப் பாருங்க. சிலர் சிரித்தார்கள். ஒருவர் திட்டினார். ஒரு பெண்மணி மட்டும், "எங்க நாய் ரெண்டு நாளா சரியா சாப்பிடல, வெயில்னு நினைச்சேன்," என்றாள். அவர் எழுந்து நின்றுவிட்டார். டாக்டரின் முகவரியைச் சொல்லி, இன்றைக்கே போங்கள் என்று சொல்லி, அவள் எழுதிக்கொள்ளும்வரை இரண்டு முறை சொன்னார். பிறகு அந்த முதல் இரண்டு பேருக்கும் மறுபடி போன் செய்தார்.

இந்த முறை மருந்தடிப்பவர் வந்தபோது சுவரில் வெறும் ஆணிகள்தான் இருந்தன.

*

பஞ்சு வந்தது. இளைத்திருந்தது, சிரைத்த முன்னங்காலில் ஊசி போட்ட இடம் தெரிந்தது. வெறும் சுவரைப் பார்த்து ஒரு தடவை குரைத்தது. கழுத்தில் சொட்டு விடும் தேதியைக் கொழுந்தன் தன் போனில் அலாரமாக வைத்தான். அலாரத்துக்கு அவன் தேர்ந்தெடுத்த சத்தம் கேட்டு வெல்டிங் கடை நாயே ஊளையிட்டது.

மாத்திரை முடிந்தது. ரத்தம் பார்த்தார்கள், தட்டணுக்கள் இருக்கவேண்டிய அளவுக்கு ஏறிவிட்டன என்றாள் டாக்டர். போனில் பேசிய அந்தப் பெண்மணியின் நாய் டாக்டரின் வராந்தாவில் சங்கிலியை இழுத்துக்கொண்டு நின்றது. அதற்கு ஆரம்பத்திலேயே மாத்திரை கிடைத்துவிட்டது.

எல்லோரும் மறந்துபோகலாம் என்கிற அளவுக்கு நாளானது. தையல்காரி மறக்கவில்லை. தினமும் வேலை முடிந்ததும் பஞ்சுவைக் காலிடுக்கில் உட்காரவைத்துக்கொண்டு காது, கழுத்து, அக்குள், விரலிடுக்கு என்று சீப்பால் வாரித் தேடுவாள். பஞ்சு கொட்டாவி விடும்.

ஒரு நாள் விரலில் ஒன்று தட்டுப்பட்டது.

மயிரை விலக்கினாள். கழுத்தோரத்தில் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. "என்னங்க," என்று கூப்பிட வாயெடுத்தவள், நிறுத்திவிட்டு விளக்குக்குக் கீழே இன்னும் குனிந்தாள். மூச்சை முழுக்க அதன்மேல் விட்டாள். அது அசையவில்லை. இன்னொரு தடவை ஊதினாள். கால் ஒன்றுகூட எழவில்லை.

இடுக்கியால் பிடித்தபோது சிரமமில்லாமல் கழன்று வந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். தட்டையாக, காய்ந்து, உமி மாதிரி இருந்தது. கடித்திருக்கிறது, ஆனால் ஒரு வாய்கூட நிறையக் குடிக்கவில்லை. தோலில் பரவியிருந்த சொட்டு மருந்து அதற்குள் வேலையைக் காட்டியிருக்கிறது.

"என்ன?" என்றார் மெத்தைக்காரர் முன்கூடத்திலிருந்து.

"ஒண்ணு கிடைச்சது."

சுத்தியல் சத்தம் நின்றது. அவர் வாசலில் வந்து நின்றார், கையில் ஆணிகளோடு.

"செத்ததுங்க," என்றாள். "பசியோட செத்திருக்கு."

அவர் கிட்டே வந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கிப் போட்டுக்கொண்டு, அவள் உள்ளங்கையை வெகுநேரம் பார்த்தார். பஞ்சுவும் தன் பங்குக்கு மூக்கை நுழைத்து மோந்தது. பிறகு, சோதனை முடிந்ததென்று தானாகவே முடிவு செய்துகொண்டு, அவள் காலிடுக்கிலிருந்து எழுந்து உடம்பை ஒரு உதறு உதறிவிட்டு வெளியே போனது. தையல்காரி சீப்பைக் கையில் எடுத்தாள்.

"ஏய், இங்க வா," என்றாள். "இன்னும் அந்தக் காது பாக்கல."